இருதயம் பலவீனமான அப்பாவுக்கு முட்டுவலி மாத்திரை கொடுத்தேன், கிட்னியில் உப்பு ஏறிவிட்டது. எப்படி?

சேரை_மகன்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் சேரன்மகாதேவி. அப்பாவுக்கு 68 வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் அட்டாக் வந்து, அதற்குப் பிறகு பம்பிங் குறைந்துவிட்டது. கடைசியாக எடுத்த எக்கோ என்கிற இருதய ஸ்கேனில் 30 என்று போட்டிருந்தது. தினமும் சாப்பிடுவது எனாலாப்ரில், பிஸோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன், காலையில் நீர் மாத்திரை லேசிக்ஸ், அப்புறம் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும். நன்றாகத்தான் இருந்தார். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவார், படி ஏறினால் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி டவுனுக்குப் போனவர் ரதவீதியில் நாலு மணி நேரம் நின்றுவிட்டு வந்தார். மறுநாள் வலது முட்டு வீங்கி, காலை ஊன்ற முடியவில்லை. நான்தான் மருந்துக்கடைக்குப் போனேன். "முட்டுவலிக்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்டேன். அட்டையிலிருந்து கத்தரித்து வெள்ளைத் தாளில் மடித்துத் தந்தார்கள். ஒரு வேளைக்கு ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை. காலையும் ராத்திரியும், அஞ்சு நாளைக்கு. எதிலும் பெயர் இல்லை. அப்பாவுக்கு இருதயக் கோளாறு இருப்பதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

முதல் நாளே வலி விட்டுவிட்டது. மூன்றாம் நாள் "ஒண்ணுக்கே சரியாப் போகலடா" என்றார். வெயில் சூடு என்று நினைத்து இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தேன். நாலாம் நாள் கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அன்று ராத்திரி அவரால் படுக்கவே முடியவில்லை. திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி விடிய விடிய மூச்சு வாங்கினார். 61 கிலோ இருந்தவர் 65.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். கிட்னி வெளியே தள்ள வேண்டிய கழிவான கிரியேட்டினின் முன்பு 1.3 இருந்தது, 2.9 ஆகியிருந்தது. பொட்டாசியம் 6.2. டாக்டர் முதலில் கேட்டதே, "வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா?" என்றுதான். சட்டைப் பையில் மிச்சம் இருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேஜையில் வைத்தார்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்கு மூன்று சந்தேகம். முட்டுக்குக் கொடுத்த மாத்திரை கிட்னியை எப்படிப் பிடித்தது? நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கே எப்படி நீர் கோத்தது? இனி வலி வந்தால் என்ன கொடுப்பது?

பாளை_மருந்தாளர்:

தம்பி, அப்பா வீடு திரும்பியது நல்ல சேதி. 22 வருடமாக மருந்தாளராக இருக்கிறேன். இந்தக் கதையை வேறு வேறு வீடுகளில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 30. நூற்றுக்கு 30 மதிப்பெண் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. நல்ல இருதயமே ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே நிரம்பிய ரத்தத்தில் ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளும். அந்த அளவுகோலில்தான் அப்பாவுக்கு 30.

இளைப்பாறும்போது இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஒரு லிட்டர், இரண்டு கிட்னிக்கும் போகிறது. கையளவு உறுப்புக்கு இவ்வளவு ரத்தம். இருதயம் தளர்ந்தால் முதலில் பங்கு குறைக்கப்படுவதும் கிட்னிக்குத்தான். மூளைக்கும் இருதயத்துக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு மிச்சத்தில் அது காலம் தள்ளும்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்து ஊர்க்காரருக்கு மீதியை மடையை வைத்துச் சொல்வதுதான் சுலபம். கிட்னிக்குள் ரத்தத்தை வடிகட்டுகிற ஒவ்வொரு முடிச்சையும் ஒரு வயல் என்று வையுங்கள். தண்ணீர் வரும் மடை ஒன்று, போகும் மடை ஒன்று. கால்வாயில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வோம்? வரும் மடையை அகலத் திறப்போம், போகும் மடையை அடைப்போம், வயலில் தண்ணீர் நிற்கட்டும் என்று. கிட்னியும் அதையேதான் செய்கிறது. இரண்டு வேலைக்கும் உடம்பே இரண்டு பொருள்களை உண்டாக்கிக்கொள்ளும். வரும் மடையைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். போகும் மடையை இறுக்குவது ஆஞ்சியோடென்சின்.

இப்போது மாத்திரைகளைப் பாருங்கள். எனாலாப்ரில் ஆஞ்சியோடென்சினைக் குறைக்கிறது, அதனால் போகும் மடை தளரும். இருதயத்துக்கு அது பெரிய நன்மை, வரும் மடை திறந்திருக்கும் வரைக்கும் கிட்னியும் தாங்கிக்கொள்ளும். லேசிக்ஸ் கால்வாயின் நீர்மட்டத்தையே இறக்குகிறது, அதுவும் தேவைதான். மூன்றாவதாக வந்தது அந்தப் பொட்டலம். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், எட்டோரிகாக்சிப் எல்லாம் வலியை அடக்குவதே புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துத்தான். முட்டில் மட்டும் தடுக்கும், கிட்னியில் விட்டுவிடும் என்பதெல்லாம் கிடையாது. வரும் மடை சுருங்கியது. கால்வாய் மட்டம் ஏற்கெனவே இறங்கி இருக்கிறது, போகும் மடையை இறுக்கவும் வழியில்லை. வயலில் தண்ணீர் எப்படி நிற்கும்? ஒவ்வொரு மாத்திரையாகப் பார்த்தால் எல்லாமே தெரிந்த மாத்திரை. மூன்றும் ஒரே வயிற்றுக்குள் போன இடத்தில்தான் வினை.

இரண்டாவது சந்தேகம். நீர் மாத்திரை வேலை செய்ய வேண்டுமென்றால் அது ரத்தத்தோடு கிட்னிக்குப் போய், சிறுநீர்க் குழாயின் உட்பக்கத்துக்கு இறங்க வேண்டும். ரத்தமே குறைவாகப் போகும்போது மருந்தும் குறைவாகத்தான் போய்ச் சேரும். போதாததற்கு வலி மாத்திரை நேரடியாகவே அதன் வேலையைக் குறைக்கும். இன்னொன்றும் உண்டு. காலில் தெரிகிற வீக்கம் குடல் சுவரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வீங்கிய குடல் லேசிக்ஸை மெதுவாகத்தான் உறிஞ்சும். "வீட்டில் அதே மாத்திரையைத்தானே சாப்பிட்டார், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் எப்படிக் கொட்டியது?" என்று கேட்பார்கள். காரணம் இதுதான்.

செட் பொட்டலத்தில் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். வலி ஒரே நாளில் பறந்துவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், சர்க்கரையை ஏற்றும்.

ஒரு வார்த்தை. டைக்ளோஃபெனாக் அட்டவணை ஹெச் மருந்து, சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று கேட்டிருக்க வேண்டியது கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர். பழியை முழுக்க உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கல்லிடை_மைனி:

படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் வீட்டிலும் மாமியாருக்கு இதே பம்பிங் பிரச்சினை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இல்லாமல் சோறு இறங்குமா? டாக்டர் "உப்பைக் குறை" என்றார். அடுத்த மாதம் ரத்தம் பார்த்துவிட்டு "உப்பு கூடியிருக்கு" என்றார். அதற்குள் என் நாத்தனார் "சோடியம் குறைந்த உப்பு" என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்துவிட்டாள். எந்த உப்பைச் சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

வார்டு_அக்கா:

மைனி, நீங்கள் கேட்டது ரொம்ப முக்கியமான கேள்வி. இருதய வார்டில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நம் பேச்சில் மூன்று வேறு சாமான்களுக்கு உப்பு என்ற ஒரே பெயர்தான். அதனால் வருகிற குழப்பம் கொஞ்சமல்ல.

ஒன்று, சாப்பாட்டு உப்பு. அதில் இருக்கும் சோடியம்தான் நீரைத் தேக்குகிறது. அப்பளத்தில் உப்பு மட்டுமா, அப்பளக்காரமும் சோடியம்தான். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், வடகம் எல்லாம் இந்தக் கணக்கு. தண்ணீரில் கரைந்து நுரைக்கிற வயிற்று உப்பும் அதே கணக்கு. அதை யாரும் உப்பாகவே நினைப்பதில்லை.

இரண்டு, "கிட்னியில் உப்பு ஏறிவிட்டது" என்று சொல்கிற உப்பு. அது யூரியா, கிரியேட்டினின். சாப்பாட்டு உப்பே இல்லை. கிட்னி வெளியே தள்ளாமல் ரத்தத்தில் தங்கிய கழிவு. சோற்றில் உப்பைக் குறைத்தால் இது இறங்கிவிடும் என்று நினைத்து, வலி மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று, பொட்டாசியம். இதையும் சிலர் ரத்த உப்பு என்பார்கள். எனாலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன் வகையும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்கும். கிட்னி சரியாக இருந்தால் சமாளிக்கும். கிட்னி சுணங்கினால் ஏறிக்கொண்டே போகும், ஏறினால் இருதயத் துடிப்பே தாளம் தப்பும். உங்கள் நாத்தனார் வாங்கிய பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு போட்டிருப்பார்கள். ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவர்களுக்கு அது நல்லதுதான். மாமியாருக்கு இந்த மாத்திரைகள் ஓடும்போது டாக்டரைக் கேட்காமல் அந்த பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள்.

சேரை_மகன் தம்பி, இளநீரும் இந்தக் கணக்குத்தான். 100 மில்லியில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம். சிறுநீர் நின்ற நாளில் இரண்டு இளநீர் சேர்ந்ததும் அந்த 6.2க்கு ஒரு கை கொடுத்திருக்கும். நீங்கள் பாசத்தில் செய்தீர்கள், யாருக்குமே அப்படித்தான் தோன்றும்.

ஹைகிரவுண்ட்_மாணவி:

வார்டு அக்கா சொன்னதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன். நெல்லை அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன், இன்னும் டாக்டர் ஆகவில்லை.

ஸ்பைரோனோலாக்டோன் ஒரு அருமையான மருந்து. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் இறப்பை 30 சதவீதம் குறைக்கிறது என்று 1999இல் வெளிவந்த ராலெஸ் ஆய்வு காட்டியது. உடனே உலகம் முழுக்க எழுதத் தொடங்கினார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பிறகு கணக்கெடுத்தார்கள். எனாலாப்ரில் வகை மாத்திரை சாப்பிட்ட வயதான இதயச் செயலிழப்பு நோயாளிகளில், பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர். 2001இல் அது ஆயிரத்துக்கு 11 பேர். மருந்து அதேதான். ஆய்வில் ஆட்களைப் பொறுக்கி எடுத்து, அடிக்கடி ரத்தம் பார்த்தார்கள். வெளியே அந்தக் கண்காணிப்பு இல்லை. ஆகவே இந்த மாத்திரை தொடங்கினாலோ அளவு மாற்றினாலோ ஒரு வாரத்திலும், பிறகு ஒரு மாதத்திலும் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்வார்கள். "நல்லாத்தானே இருக்கேன்" என்று அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பொட்டாசியம் ஏறுவது பல சமயம் உடம்புக்குத் தெரியவே தெரியாது.

ஆலங்குளம்_அண்ணாச்சி:

எல்லோரும் படித்தவர்கள், நான் விவசாயி. இருந்தாலும் கேட்கிறேன். எங்கள் ஆச்சி 84 வயது வரைக்கும் முட்டுவலிக்கு இதே செட் மாத்திரைதான். ஒன்றும் ஆகவில்லை. எல்லா மாத்திரையையும் இப்படிச் சந்தேகப்பட்டால் மனுசன் எதைத்தான் சாப்பிடுவது? பேசாமல் நாட்டு மருந்துக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லையே. எனக்கு இருமலுக்கு அதிமதுரம்தான். நானும் இருதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவன்தான்.

பாளை_மருந்தாளர்:

அண்ணாச்சி, நல்ல வேளை இதை எழுதினீர்கள். ஆச்சிக்கு இருதயம் திடமாக இருந்திருக்கும், கால்வாயில் தண்ணீர் நிறைய ஓடியிருக்கும். வரும் மடை கொஞ்சம் சுருங்கினாலும் வயல் காயாது. அதே மாத்திரை, வேறு உடம்பு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், இதை இன்றைக்கே கவனியுங்கள். டிகாக்சினும் செடியிலிருந்து வந்த மருந்துதான். அதன் இனத்து மருந்தை ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலையிலிருந்து கொடுத்துப் பார்த்து, அதைப் பற்றி வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1785இல் புத்தகமே எழுதினார். நன்மை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் சோடியம் தேங்கும், பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கிய இருதயத்தில் வழக்கமான டிகாக்சின் அளவே விஷமாகலாம். நீர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் வேகமாக இறங்கும். வாந்தி வருகிறமாதிரி இருப்பது, சாப்பாடு வெறுப்பது, பார்வையில் மஞ்சள் படர்வது, நாடி விட்டுவிட்டு அடிப்பது இதெல்லாம் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். நாட்டு மருந்தை நான் குறை சொல்லவில்லை. அதுவும் மருந்து, அதையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

ஆலங்குளம்_அண்ணாச்சி:

ரெண்டு வாரமாகச் சாப்பாடு பிடிக்கவில்லைதான். இருமலினால் என்று நினைத்தேன். நாளைக் காலையில் மகனோடு போகிறேன்.

வார்டு_அக்கா:

காலை வரைக்கும் வேண்டாம் அண்ணாச்சி. இப்போதே மகனை எழுப்புங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், அந்த அதிமதுரப் பொடியையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

முக்கூடல்_பொண்ணு:

அம்மா பீடி சுற்றுகிறவர்கள். சின்ன வயதுக் காய்ச்சலில் வால்வு கெட்டு இப்போது இருதயமும் தளர்ந்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறார்கள். போன வருடம் வயிற்றுப்போக்குக்கு நாங்களாகவே மெட்ரோனிடசோல் வாங்கிக் கொடுத்தோம். நாலு நாளில் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை, தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 7க்கு மேல். அந்த ஆன்டிபயாடிக் அசிட்ரோமை உடம்பில் கரையவிடாமல் வைத்துவிட்டது என்றார்கள். கல்லீரலில் ரத்தம் தேங்கியிருந்தால் இன்னும் மோசமாகுமாம்.

இன்னொன்றும் நடந்தது. அம்மாவுக்கு ஒரு இடத்தில் ராமிப்ரில் எழுதினார்கள், இன்னொரு இடத்தில் எனாலாப்ரில். இரண்டும் ஒரே வேலை செய்கிற மாத்திரை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு மாதம் இரண்டையும் சாப்பிட்டிருக்கிறார்கள். எழுந்து நின்றால் தலை சுற்றி விழுவார்கள், பீடித் தட்டு மடியில் இருந்தபடியே ஒரு நாள் சாய்ந்துவிட்டார்கள்.

பாளை_மருந்தாளர்:

இது நிறைய நடக்கிறது அம்மா. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். எழுதி வைக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தை. புதிதாக வந்திருக்கும் சாக்யூபிட்ரில், வால்சார்டன் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றுகிறவர்களும் கவனிக்க வேண்டும். பழைய எனாலாப்ரிலையோ ராமிப்ரிலையோ நிறுத்தி 36 மணி நேரம் கழித்துத்தான் புதியதைத் தொடங்க வேண்டும். இரண்டும் கலந்தால் உதடும் தொண்டையும் வீங்கி மூச்சை அடைக்கலாம். மிச்ச மாத்திரையை வீணாக்க வேண்டாமே என்று சேர்த்துச் சாப்பிடவே கூடாது.

பெயர்_வேண்டாம்:

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் என்னிடம் இருக்கிறது. தாம்பத்தியத்துக்கு என்று ஒரு நண்பர் ஒரு மாத்திரை கொடுத்தார். எடுக்கலாமா?

ஹைகிரவுண்ட்_மாணவி:

எடுக்கவே கூடாது ஐயா. சில்டெனாஃபிலும் சார்பிட்ரேட்டும் சேர்ந்தால் ரத்தக் குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்து ரத்த அழுத்தம் சரிந்துவிடும். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் ஆகும்வரை சார்பிட்ரேட் வைக்கக் கூடாது. தெரியாமல் எடுத்துவிட்டு நெஞ்சுவலி வந்தால் ஆஸ்பத்திரியில் மறைக்காமல் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். கேட்டதற்குக் கூச்சப்பட எதுவுமே இல்லை.

சேரை_மகன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. மருந்தாளர் அண்ணாச்சி எழுதிய மடைக் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இத மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருந்தா நானே வேண்டாம்னுருப்பேனே" என்றார்.

கிரியேட்டினின் 1.5க்கு இறங்கிவிட்டது, பொட்டாசியம் 4.8. வலிக்கு பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் எழுதிய அளவு, தண்ணீரில் கரைகிற வகை வேண்டாம் என்றார். அதில் சோடியம் அதிகமாம். முட்டில் தடவும் களிம்பையும் கேட்டேன். அதுவும் அதே மருந்துதான், ரத்தத்தில் குறைவாகச் சேரும், இருந்தாலும் கிட்னி முழுக்கத் தேறும் வரைக்கும் வேண்டாம் என்றார். தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணும் வரைக்கும் பிடித்து இறக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடமும் உண்டு. வீட்டில் இந்திய கக்கூஸை மாற்றி உட்காரும் வகை போட்டுவிட்டோம். வலிக்கு அதுதான் பெரிய விடுதலை என்கிறார்.

தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எல்லா மாத்திரையின் சின்ன எழுத்துப் பெயரையும் எழுதி, கீழே "வலி மாத்திரை கூடாது" என்று சிவப்பு மையில் போட்டிருக்கிறேன். தாளைக் கிழிக்கும்போதே அன்றைய எடையையும் அதில் குறிக்கிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தாலும் அப்படியே. இன்று காலை 60.8.

ஸ்பைரோனோலாக்டோனை இன்னும் திரும்பத் தொடங்கவில்லை. வியாழக்கிழமை ரத்தம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். அண்ணாச்சி, ஆலங்குளத்திலிருந்து ஒரு வரி எழுதுங்கள், எல்லோரும் காத்திருக்கிறோம்.

ஆலங்குளம்_அண்ணாச்சி:

இருக்கேன் தம்பி. அன்று ராத்திரியே போய்விட்டோம். நாடி நிமிடத்துக்கு 44தான் இருந்தது, பொட்டாசியம் 2.9. நாலு நாள் வைத்திருந்தார்கள். டிகாக்சினை நிறுத்திவிட்டுப் பாதி அளவாக மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். அதிமதுரப் பொடியை டாக்டரே வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு என் மகனிடம் கொடுத்துவிட்டார். நேற்று சொதி வைத்தார்கள், ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டேன். அப்பாவின் வியாழக்கிழமை ரிப்போர்ட்டை இங்கேயே போடுங்கள்.